அக்டோபரில் வார்த்த இஞ்சின்

ஸ்காட்ஸ்டேல், அரிசோனா
மார்ச் 2, 1992

அன்புள்ள ஜெனியா அக்காவுக்கு,

இங்கே நான், கர்டிஸ், பிள்ளைகள் எல்லோரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆலைக்குப் போகும் வழியில் பனியில் வழுக்கி விழுந்ததாகக் கிறிஸ்துமஸ் அட்டையில் ஒரு வரி எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. போன் செய்தால் ‘காசு ஓடுது, வை’ என்கிறாய். அதனால் கடிதம்.

ஜூன் இருபதாம் தேதி கர்டிஸுக்கு ஐம்பது வயது. நீச்சல் குளத்தைச் சுற்றி நூறு பேருக்கு விருந்து. பரிசாக ஒரு கார் கொடுக்கலாம் என்றிருக்கிறேன், அவருக்குத் தெரியாமல். பழைய கார்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. 1970 செவெல் எஸ்.எஸ்., 454 இஞ்சின், சிவப்பு, கறுப்புப் பட்டை. ஒரே கையில் இருபத்திரண்டு வருடம். பதினாலாயிரம் கேட்கிறார். விற்பவர் ஸ்டான் பிலார்ஸ்கி. ஊர் டெப்யூ. உன் வீட்டிலிருந்து பத்து நிமிடம்.

இங்கே கார் கிளப்பில் கர்டிஸின் நண்பர் ஒருவரிடம் ரகசியமாக விசாரித்தேன். “சிஸ்டர், இன்னிக்கு ஓடுற எஸ்.எஸ்.ல பாதி டூப்ளிகேட். அதே கம்பெனியோட விலை கொறைஞ்ச சாதா மாலிபு காருக்கு பேட்ஜ் ஒட்டிப் பட்டை அடிச்சு வித்துடுவானுங்க. சேசிஸ் நம்பரைப் பார்த்தா எதுவும் தெரியாது” என்றார். இஞ்சின் கட்டையின் முன்பக்கம் குத்தியிருக்கும் எண் காரின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டுமாம். வார்ப்புத் தேதி கார் செய்த தேதிக்கு முன்னால் இருக்க வேண்டுமாம். பெட்ரோல் டேங்குக்கு மேலே ஆலைக்காரர்கள் செருகிவிட்டுப் போன விவரத் தாள் கிடைத்தால் அதைவிடப் பெரிய சாட்சி இல்லையாம். எண்ணின்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அனுப்பச் சொன்னார்.

அந்த இஞ்சினை வார்த்த ஆலையிலேயே இருபத்தாறு வருடமாகச் சோதனை வேலை பார்ப்பவள் நீ. உன்னைவிட யாரை நம்புவேன்? போய்ப் பார்த்துச் சொல் அக்கா.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
லொரெட்டா


சீக்டவாகா, நியூயார்க்
மார்ச் 12, 1992

அன்புத் தங்கை லொரெட்டாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீங்கள் எல்லோரும் சுகம் என்பதில் மகிழ்ச்சி. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. படியேறும்போது மட்டும் பேசும்.

பல் பிடுங்கும் மனிதருக்கு ஐம்பது வயதில் 454 எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. உங்கள் ஊரில் மழையும் இல்லை, துருவும் இல்லை. காரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தா கும்பிடப் போகிறார்? போகட்டும், பணம் உன்னுடையது.

தவக்காலம் நடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் கோயில் கூடத்தில் மீன் வறுக்க நான் நிற்க வேண்டும். சனிக்கிழமை போகிறேன். பெட்ரோலுக்கு நீ காசு அனுப்ப வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.
ஜெனியா


சீக்டவாகா
மார்ச் 29, 1992

அன்புத் தங்கைக்கு,

நலம். உங்கள் நலமே வேண்டுகிறேன்.

போய்ப் பார்த்தேன். பிலார்ஸ்கிக்கு எழுபது வயதிருக்கும். இரண்டு கண்ணிலும் புரை. லைசென்சைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். “கண்ணு தெரியாதவன்கிட்ட இந்தக் கழுதை எதுக்கும்மா? நின்னு நின்னு செத்துப்போகும். ஓட்டத் தெரிஞ்சவங்க கைக்குப் போகட்டும்” என்றார். கராஜ் கதவை அவரே தூக்கினார்.

லொரெட்டா, கார் நன்றாக இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. சிவப்பு மங்கவில்லை. குளிர்காலத்தில் பனி உருக உப்புக் கொட்டிய ரோட்டில் ஒருநாள்கூட இறக்கித் துருப்பிடிக்க விடவில்லை என்றார், அடியில் படுத்துப் பார்த்தேன், உண்மைதான். இருக்கையில் ஒரு தையல்கூட விடவில்லை. ஆஷ்டிரேயை இடது ஓரமாக நெம்பித்தான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் கையோடு வந்துவிடும். சாவியைத் திருப்பியதும் முதலில் ஒரு இருமல், அப்புறம் அந்தச் சத்தம். கராஜின் தகரச் சுவர் அதிர்ந்தது. நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் இஞ்சின் அந்தக் காருடையது இல்லை. கார் செய்தது 1970 மார்ச் இரண்டாவது வாரம். இஞ்சின் கட்டையின் வார்ப்புத் தேதி அதே வருடம் அக்டோபர் 12. தாய் பிறந்து ஏழு மாதம் கழித்துத் தாயின் வயிற்றுக்குள் போன பிள்ளை. யாரோ பழையதைக் கழற்றி வேறொன்றை வைத்திருக்கிறார்கள். டேங்குக்கு மேல் தாள் எதுவும் இல்லை. எண் குத்திய இடம் துருவேறிக் கிடக்கிறது, பென்சிலுக்குச் சிக்கவில்லை.

வாங்காதே. கர்டிஸுக்கு ஒரு நல்ல கடிகாரம் வாங்கிக்கொடு.

அன்புடன்
ஜெனியா


ஸ்காட்ஸ்டேல்
ஏப்ரல் 9, 1992

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? இங்கே இப்போதே வெயில் கொளுத்துகிறது.

உன் கடிதத்தைப் படித்து அழுகை வந்துவிட்டது. காரைப் பற்றி நீ எழுதியிருப்பதைப் படித்தால் உடனே வந்து ஓட்டிக்கொண்டு போக வேண்டும் போலிருக்கிறது, கடைசியில் தலையில் ஒரு வாளித் தண்ணீர். உன்னிடமும் இதே மாதிரி ஒன்று இருந்ததே, அதே சிவப்பு. வாங்கி ஆறேழு மாதத்திலேயே அலுத்துப்போய் விற்றுவிட்டாய். எனக்கு மட்டும் அப்படி ஒன்று கிடைத்திருந்தால் விற்றே இருக்க மாட்டேன்.

கிளப் நண்பரிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். “எழுதினவங்க இஞ்சின் ஆலை இன்ஸ்பெக்டரா? அப்ப மறுபேச்சே இல்ல. இஞ்சின் மாத்தின கார்னா பாதி விலைதான் பெறும். பாதி விலைக்குக் கேட்டுப் பாருங்க, ஓட்ட என்ன கேடு?” என்றார். எனக்கும் அது நியாயமாகப் படுகிறது. பிலார்ஸ்கிக்கு எழுதப் போகிறேன்.

அந்த எண்ணைக் கொஞ்சம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுப் பென்சிலால் தேய்த்துப் பாரேன். இன்ஸ்பெக்டருக்கு இதெல்லாம் நான் சொல்லித்தர வேண்டுமா?

உன்
லொரெட்டா


சீக்டவாகா
ஏப்ரல் 17, புனித வெள்ளி

லொரெட்டாவுக்கு,

நலம். ஈஸ்டர் வாழ்த்துகள்.

அவருக்கு எழுதாதே. பாதி விலைக்கும் அது பெறாது. போன முறை சொல்ல மறந்துவிட்டேன், சேசிஸின் பின்பக்கமும் இற்றுப்போயிருக்கிறது. கியர்ப் பெட்டியில் சத்தம். கண் தெரியாத கிழவரிடம் பேரம் பேசுவது நன்றாக இல்லை. அரிசோனாவில் செவெலே கிடைக்காதா? அங்கேயே ஒன்று பார்.

மண்ணெண்ணெய் போட்டும் பார்த்தேன். வரவில்லை.

ஆலையில் இந்த மாதம் முழுக்க சனிக்கிழமையும் வேலை. அதிகம் எழுத நேரமில்லை.

ஜெனியா


ஸ்காட்ஸ்டேல்
மே 1, 1992

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும், குறிப்பாக உன் கண்கள், ஏனென்றால் அவைதான் எனக்கு ஆறாயிரம் டாலர் மிச்சப்படுத்தியிருக்கின்றன!

உன் புனித வெள்ளிக் கடிதம் வருவதற்குள் நான் பிலார்ஸ்கிக்கு எழுதிவிட்டேன். உன் மார்ச் கடிதத்தையும் நகலெடுத்து வைத்தேன், வேறு சாட்சி எதற்கு? மனிதர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பதினாலிலிருந்து எட்டாயிரத்துக்கு இறங்கிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் எழுதிக்கொடுத்திருக்கிறாள்: ‘என் கண்ணுக்கு நம்பர் தெரியாது. ஜெனியா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இருபத்திரண்டு வருஷம் நான்தான் முட்டாளாக இருந்திருக்கிறேன்.’ பாவம்.

முன்பணம் அனுப்பிவிட்டேன். ஜூன் முதல் வாரம் லாரி வந்து ஏற்றிக்கொள்ளும். சேசிஸ் இற்றிருந்தால் இங்கே பார்த்துக்கொள்ளலாம். உன்னால் எனக்கு எவ்வளவு லாபம் பார்த்தாயா?

ஆயிரம் முத்தங்களுடன்
லொரெட்டா


ஸ்காட்ஸ்டேல்
மே 20, 1992

ஜெனியா அக்காவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்க வேண்டும். கேட்கிறேன். ஆனால் இன்று வேறொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

காரின் காகிதங்கள் வந்தன. அதில் பிலார்ஸ்கி காரை வாங்கியபோது எழுதிய விற்பனைச் சீட்டும் இருக்கிறது. விற்றவர் பெயர் ஜெனிவீவ் வோய்டாசிக். உன் முழுப் பெயர், உன் கையெழுத்து. தேதி 1970 அக்டோபர் 12.

அது உன் கார். முதல் நாளே உனக்குத் தெரியும். ஆஷ்டிரேயை எந்த ஓரமாக நெம்ப வேண்டும் என்று எழுதினாயே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அக்டோபர் 12-இல் வார்த்த இஞ்சின் என்கிறாய். அந்த அக்டோபரில் உங்கள் ஆலையில் எந்த இஞ்சினை வார்த்தார்கள்? செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் வரை வேலைநிறுத்தம். நீயும் அப்பாவும் ஆலை வாசலில் பீப்பாயில் தீ மூட்டிக்கொண்டு அட்டை பிடித்து நின்றீர்கள். நான்தான் பிளாஸ்கில் காபி கொண்டுவருவேன். ஊரில் எல்லோரும் மறந்தாலும் நீ மறக்கக்கூடிய விஷயமா அது? பொய் சொல்ல ஒரு தேதி தேடியிருக்கிறாய், மனதில் அந்த ஒரு தேதிதான் இருந்திருக்கிறது.

என்மேல் உனக்குப் பொறாமை. இந்த வீடு, கர்டிஸ், பிள்ளைகள், எல்லாவற்றின்மேலும். இல்லை என்று சொல்.

லொரெட்டா


சீக்டவாகா
மே 29, 1992

லொரெட்டாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் நலமாக இருங்கள்.

இல்லை என்று சொல்ல மாட்டேன். பொறாமைதான். உன் வீட்டின்மேல் இல்லை, உன் வீட்டை நான் நினைப்பதுகூட இல்லை. அந்தக் காரின்மேல். உன் கடிதத்தில் பிலார்ஸ்கியின் பெயரைப் பார்த்ததுமே அது என் கார் என்று தெரிந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை என் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பியபோது, இது உன் நீச்சல் குளத்துப் பக்கம் நிற்கப் போகிறது, நூறு பேர் கையில் கிளாசோடு சுற்றி வந்து பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அங்கேயே பொய் தயாராகிவிட்டது. நீ விலகிக்கொண்டால், பணம் சேர்க்க இலையுதிர் காலம் வரை அவரிடம் அவகாசம் கேட்டு நானே வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அலுத்துப்போய் நான் விற்கவில்லை. வேலைநிறுத்தத்தில் வீட்டில் சல்லிக்காசு இல்லை. உன் நர்சிங் பள்ளிக்குக் கட்டணம் கட்டக் கடைசி நாள் அக்டோபர் பதினைந்து. “கார் என்னடி கார், இரும்பு. தங்கச்சி வாழ்க்கை பெருசா, இரும்பு பெருசா?” என்றார் அப்பா. விற்றேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்றும் அவர்தான் சத்தியம் வாங்கினார். அதற்காக அவரை நான் மன்னிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தவரிடம், “என் கார் எங்கப்பா?” என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நேற்று பிலார்ஸ்கி வீட்டுக்குப் போனேன். பொறாமையில் உன்னைச் சுட நினைத்து அந்த மனிதரைச் சுட்டுவிட்டேன். கதவைத் திறந்தவர் என் குரலைக் கேட்டதும் வாசலிலேயே நின்றார்.

“எட்டாயிரத்துக்குக் குடுத்தாச்சேம்மா. இன்னும் என்ன கொறைக்கணும்?”

“இஞ்சின் ஒரிஜினல்தான். நான் பொய் எழுதிட்டேன்.”

“நான்கூட, நீ என்கிட்ட விக்கிறப்பவே மாத்தி வச்சு ஏமாத்திட்டியோன்னு நெனைச்சேன். வேலைநிறுத்தம், பசி, புள்ள என்ன பண்ணும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். எதுக்குப் பொய் சொன்னே?”

“தங்கச்சிக்குக் கெடைக்கக் கூடாதுன்னு.”

அவர் திட்டுவார் என்று நின்றேன். “எங்கண்ணன் செத்து ஆறு வருஷம் ஆச்சு. அவனோட மீன்பிடிப் படகு என்னுதைவிட ரெண்டடி நீளம். இன்னிக்கு நெனைச்சாலும் எனக்கு வயிறு எரியுது. உள்ளே வா, காபி ஆறிடும்” என்றார்.

இத்தோடு பென்சில் தேய்ப்பு இருக்கிறது. எண் தெளிவாக விழுந்திருக்கிறது. துருவும் இல்லை, சேசிஸும் இற்றுப்போகவில்லை. வார்ப்புத் தேதி பிப்ரவரி 24. டேங்குக்கு மேலிருந்த தாளையும் எடுத்து அவரிடமே கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு வரியும் சரி. உலகத்தில் ஒரிஜினல் என்று ஒன்று உண்டென்றால் இதுதான்.

காரை நீ எடுத்துக்கொள். அவருக்கு முழு விலையும் கொடு. அது ஒன்றுதான் நான் கேட்பது.

ஜெனியா


ஸ்காட்ஸ்டேல்
ஜூன் 10, 1992

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. இதற்குள் நாலு பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது, இதைக் கிழிப்பதற்குள் தபாலில் போட வேண்டும்.

பிலார்ஸ்கிக்குப் பதினாலாயிரமும் போய்ச் சேர்ந்துவிட்டது. லாரியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கார் உன் பெயருக்கு எழுதியாகிவிட்டது. சாவி அவரிடம் இருக்கிறது. கிளப் நண்பர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கர்டிஸிடம் உளறிவிட்டார், அவரும் ‘எங்கே என் கார்?’ என்று கேட்டுவிட்டார். உன் மார்ச் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். “இஞ்சின் மாத்தின காரா? சீ, வேணாம்” என்றார். அவருக்குக் கடிகாரம்தான்.

என்னை நல்லவள் என்று நினைத்துவிடாதே. மேலே படி.

1970 மார்ச்சில் அந்தக் காரை நீ தெருவுக்குள் கொண்டுவந்த அன்று ஊரே வாசலுக்கு வந்தது. அதுவரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் எல்லாம் பானட்டைப் பார்த்தார்கள், அப்புறம் உன்னைப் பார்த்தார்கள். அம்மா கோயிலுக்கு அதில்தான் போவேன் என்றாள். அப்பா உன் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் கை வைத்துக்கொண்டு ராஜா மாதிரி போவார். எனக்குப் பின்சீட். ஏழு மாதம் பின்சீட்டிலிருந்து உன் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அக்டோபர் முதல் வாரம் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். “வேலைநிறுத்தம் பண்றவங்க புள்ளைங்களுக்குன்னு மறைமாவட்டத்துல கொஞ்சம் பணம் வச்சிருக்கோம். உன் ஃபீஸ் கட்டிடலாம். உங்கப்பாவை வந்து ஒரு கையெழுத்துப் போடச் சொல்லு” என்றார்.

நான் அப்பாவிடம் சொல்லவில்லை. ‘அக்கா காரை வித்தா என்னப்பா?’ என்று மட்டும் கேட்டேன். யோசனை என்னுடையது என்று உனக்குத் தெரியக் கூடாதென்றுதான் அவர் சத்தியம் வாங்கி உன் வாயைக் கட்டியிருப்பார். சாமியாரிடம் போய், பணம் கிடைத்துவிட்டது, வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

உன் கார் போன வழி எனக்கு அன்றே தெரியும். அலுத்துப்போய் விற்றாய் என்று இத்தனை வருடம் நானே சொல்லிக்கொண்டு திரிந்ததும் தெரிந்துதான். அது யார் கைக்குப் போனது என்பது மட்டும் தெரியாது. கர்டிஸுக்கு ஐம்பது வயது என்பது சாக்கு. அந்தச் சிவப்பை என் வாசலில் நிறுத்திவைத்து, முன்சீட்டில் நான் உட்கார வேண்டும் என்றுதான் வாங்கக் கிளம்பினேன்.

நீ பொய் சொன்னது ஒரு கடிதத்தில். நான் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லியிருக்கிறேன். அப்பா உன்னிடம் என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர்மேல் குற்றம் இல்லை.

லொரெட்டா


சீக்டவாகா
ஜூலை 8, 1992

லொரெட்டாவுக்கு,

நலம். கர்டிஸின் பிறந்தநாள் நன்றாக நடந்திருக்கும். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை படித்திருந்தால் அடுப்பில் போட்டிருப்பேன், அதனால் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஒரு வாரம் ஆலையில் நின்றுகொண்டு, இங்கிருந்தபடியே உன் கழுத்தை நெரிக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

காரைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றும் நினைத்தேன். அப்படி நினைத்தது சுமார் ஒரு மணி நேரம். அப்புறம் போய் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பிலார்ஸ்கியையும் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை வரை ஒரு சுற்று. அவர் ஜன்னலைத் திறந்துவைத்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கல்லறைக்குப் போனேன். அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாசலருகே காரை நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல், கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காவல்காரன் வந்து, “அம்மா, செத்தவங்க எழுந்துடுவாங்க, ஆஃப் பண்ணுங்க” என்றான். எழுந்து வரட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஆனால் கிறிஸ்துமஸுக்கு வா. மாடியறையைச் சுத்தம் செய்து வைக்கிறேன். பண்டிகை ராத்திரிக்குப் பீட்ரூட் சூப்பும் கெண்டை மீனும் நானே செய்கிறேன், தனியாகச் செய்து தனியாகச் சாப்பிட்டு எனக்குச் சலித்துவிட்டது.

விமான நிலையத்துக்கு நான் அழைக்க வருவேன் என்று எதிர்பார்க்காதே. டிசம்பரில் ரோடெல்லாம் உப்பு. உனக்காக என் காரை அதில் இறக்க மாட்டேன். வெளியே வந்தால் இடது பக்கம் பஸ் நிற்கும்.

அக்கா
ஜெனியா